வளவுக்குள் வாகனம் மோதினால் யார் பொறுப்பு?



சென்ற வாரம் கடன் கொப்பி பற்றிப் பார்த்தோம். இவ்வாரம், நம்மில் அனேகருக்கு எப்போதாவது நேர்ந்திருக்கக்கூடிய ஒரு விடயத்தைப் பாடமாக எடுத்துக்கொள்வோம். கடை வளவிலோ சந்தை வாகனத் தரிப்பிடத்திலோ இரண்டு வாகனங்கள் மெதுவாக மோதிக்கொள்கின்றன. ஆளுக்குக் காயமில்லை. ஒரு கதவு நெளிகிறது, ஒரு லைட் உடைகிறது. சேதம் சிறிதுதான், ஆனால் அதனால் வரும் மனக்கசப்பு பெரிது. இதில் யார் பொறுப்பு என்பதை எப்படிக் கணக்குப் பார்ப்பது?

எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

சாவகச்சேரியில் கண்டி வீதியை அண்டியது எனது பலசரக்குக் கடை. பின்னால் ஏழெட்டு வாகனங்கள் நிற்கக்கூடிய வளவு இருக்கிறது. 2018 ஆம் ஆண்டு, நோன்புக்கு முந்திய வாரம். எங்கள் பட்டா லொறி வெங்காய மூட்டைகளை இறக்கிவிட்டுப் பின்னோக்கி வாசலுக்கு வந்தது. அதே நேரம் ஒரு கார் வளவுக்குள் திரும்பியது. லொறியின் பின்மூலை காரின் கதவில் இடித்தது. காரில் வந்தவர் எங்கள் நீண்டநாள் வாடிக்கையாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர்.

கூடி நின்றவர்கள் உடனே தீர்ப்புச் சொன்னார்கள். "பின்னுக்கு எடுத்தவன்தான் பிழை" என்றார் ஒருவர். "உள்ளுக்கு வந்தவர் ஹோர்ன் அடிக்கேல்லையே" என்றார் இன்னொருவர். "இது றோட்டில்லை, வளவு. இங்க சட்டம் செல்லாது" என்றார் மூன்றாமவர். என் சாரதி, "முதலாளி, நான் கண்ணாடி பார்த்துத்தான் எடுத்தனான். மாஸ்டர்தான் வேகமா வந்திட்டார்" என்றான். மாஸ்டரோ, "நானா, நான் வாசல்ல நிண்டிட்டன். உங்கட லொறிதான் வந்து இடிச்சது" என்றார்.

இருவரும் பொய் சொல்லும் ஆட்கள் அல்ல. மோதிய அதிர்ச்சியில் ஒவ்வொருவருக்கும் தன் பக்கம் மட்டுமே ஞாபகம் இருக்கும். ஆகவே சத்தத்தை விட்டு விடயத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, இடம்

வளவுக்குள் சட்டம் செல்லாது என்பது தவறான எண்ணம். கவனக்குறைவால் நேர்ந்த சேதத்துக்கு நட்டஈடு கேட்கும் உரிமை நமது நாட்டில் உரோம-டச்சுச் சட்டத்திலிருந்து வருகிறது. அது வீதி என்றும் வளவு என்றும் பிரித்துப் பார்ப்பதில்லை. நிதானமான ஒருவர் அந்த இடத்தில் என்ன கவனம் எடுத்திருப்பார், அதை எடுக்கத் தவறியவர் யார் என்றுதான் கேட்கும்.

இரண்டாவது, அசைவு

எந்த வாகனம் நின்றது, எது ஓடியது, எது பின்னோக்கி வந்தது என்று பாருங்கள். பின்னோக்கி எடுப்பவருக்குப் பார்வை குறைவு. ஆகவே அவருடைய கடமை கூட. பின்னால் ஓர் ஆளை நிறுத்திக் கைகாட்டச் சொல்லியிருக்கலாம். அதற்காக அவர்தான் எப்போதும் முழுப் பிழை என்று முடிவுகட்ட முடியாது. வளவுக்குள் திரும்புகிறவரும் வேகத்தைக் குறைத்து, வழி வெளியாக இருக்கிறதா என்று பார்த்தே வரவேண்டும்.

மூன்றாவது, பங்கு

ஒருவர் முழுப் பிழை, மற்றவர் முழுச் சரி என்று இருக்கவேண்டிய அவசியம் இல்லை. 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் இதற்கென்றே வந்தது. பாதிக்கப்பட்டவரின் கவனக்குறைவும் சேர்ந்து சேதம் நேர்ந்திருந்தால், அவருடைய பங்குக்கு ஏற்ப நட்டஈட்டைக் குறைக்கலாம் என்கிறது அது. ஒரே சேதத்துக்கு இரண்டு மூன்று பேர் காரணமாக இருந்தால் அவர்களுக்கிடையே பங்கு பிரிக்கவும் வழி சொல்கிறது.

நான்காவது, முதலாளி

நமது வேலையாகப் போன சாரதியின் கவனக்குறைவுக்கு வெளியாளிடம் பதில் சொல்லவேண்டியவர் முதலாளி. "அவனைப் பிடித்துக் கேளுங்கள்" என்று நாம் கைகழுவ முடியாது.

இனி எங்கள் கதைக்கு வருவோம். கடைக் கமராவைப் போட்டுப் பார்த்தோம். லொறிக்குப் பின்னால் கைகாட்ட ஆள் இல்லை. கார் நின்றிருக்கவில்லை, இடிக்கும்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மூன்றாவதாக இன்னொன்றும் தெரிந்தது. வாசல் மூலையில் ஆள் உயரத்துக்கு வெங்காய மூட்டைகள். லொறிக்குக் காரும் தெரியாது, காருக்கு லொறியும் தெரியாது. அந்த மூட்டைகளை அங்கே அடுக்கச் சொன்னது நான்.

"வாப்பா, மூட்டை தெரியுற இடத்தை மாஸ்டருக்குக் காட்ட வேணாம். கார் ஓடிக்கொண்டு வந்ததை மட்டும் காட்டுவம்" என்றான் என் மகன். ஒரு கணம் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

1990 ஒக்டோபரில் இந்த ஊரிலிருந்து நாங்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு இருபது வயது. 2009 இன் பின் திரும்பி வந்து கடையைத் திறந்தபோது, முதல் மாதமே எங்களிடம் கொப்பி வைத்துச் சாமான் வாங்கியவர்களில் மாஸ்டரும் ஒருவர். அவரிடம் பாதிப் படத்தைக் காட்டி நான் மிச்சம் பிடிப்பது சில ஆயிரம் ரூபா. இழப்பது எவ்வளவு? அடுத்தவரின் ஹக்கை வைத்துக்கொண்டு எந்தத் தராசைப் பிடிப்பது?

மாஸ்டரைக் கூப்பிட்டு முழுப் படத்தையும் காட்டினேன். பார்த்துவிட்டு, "நானும் கொஞ்சம் கெதியாத்தான் வந்திட்டன், நானா" என்றார்.

பிறகு கணக்குச் சுலபமாகிவிட்டது. கராஜில் காருக்கு 48,000 ரூபா, லொறியின் லைட்டுக்கு 9,000 ரூபா சொன்னார்கள். லொறியின் பிழையும் மூட்டைகளின் பிழையும் சேர்ந்து எங்கள் பங்கு மூன்றில் இரண்டு, மாஸ்டரின் பங்கு மூன்றில் ஒன்று என்று இருவரும் சம்மதித்தோம். காருக்கு நாங்கள் கொடுக்கவேண்டியது 32,000. லைட்டுக்கு அவர் தரவேண்டியது 3,000. கழித்தால் 29,000. அதைக் கொடுத்து, இது முழுத் தீர்வு என்று இரண்டு பிரதி எழுதி, சாட்சியோடு கையெழுத்து வைத்தோம். சாரதியின் சம்பளத்தில் ஒரு சதமும் வெட்டவில்லை.

நண்பர்கள் கவனிக்க வேண்டியவை:

1. வாகனங்களை அசைக்குமுன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். பெயர், முகவரி, வாகன இலக்கம் என்பவற்றைப் பரிமாறிக்கொள்ளுங்கள். உரிமையாளர் இல்லாத வாகனத்தில் கீறல் போட்டுவிட்டு நழுவாதீர்கள்.

2. யாருக்காவது சிறு காயம் என்றாலும் இந்தக் கைக்கணக்கு வேண்டாம். முதலில் வைத்தியசாலை, உடனே பொலிஸ்.

3. காப்புறுதிக் கம்பனிக்கு அந்த இடத்திலிருந்தே அறிவியுங்கள். கம்பனியைக் கேளாமல் பிழையை ஏற்றுக் கையெழுத்திட்டாலோ பணம் கொடுத்தாலோ பிறகு கிளெய்ம் கிடைக்காமல் போகலாம். நாங்கள் அறிவித்து, நோ கிளெய்ம் போனஸ் எவ்வளவு குறையும் என்று கேட்ட பின்னரே கைப்பணத்தில் தீர்த்தோம்.

4. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ளவர்கள் பொலிசியை எடுத்து வாசியுங்கள். 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது முக்கியமாக உயிரிழப்பு, உடற்காயம் பற்றியே. உங்கள் சொந்த வாகனத்தின் சேதத்துக்கு முழுக் காப்புறுதி வேண்டும்.

5. பேசித் தீராவிட்டால் நேரே வழக்குக்கு ஓடாதீர்கள். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இணக்கசபைகள் இப்படியான பிணக்குகளுக்கும் உதவும்.

6. "வாகனங்களுக்கு நாம் பொறுப்பல்ல" என்று பலகை தொங்கவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணாதீர்கள். வாசலை மறைக்கும் மூட்டையைப் பலகை நகர்த்தாது.

அன்று பின்னேரமே மூட்டைகளை உள்ளே அடுக்கி, வாசல் மதிலில் குவிவுக் கண்ணாடி ஒன்றும் பூட்டினோம். மாஸ்டர் இன்றும் வருகிறார். உள்ளே திரும்புமுன் ஹோர்ன் அடிக்கிறார். நாங்களும் லொறிக்குப் பின்னால் ஆள் நிறுத்தாமல் எடுப்பதில்லை.

நாளை கடை திறக்கும்போது உங்கள் வளவு வாசலில் நின்று இரண்டு பக்கமும் ஒருதரம் பாருங்கள். என்ன மறைக்கிறது?