படிக்கும்போதே இணையத்தள வேலை

கேள்வி: ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு பசறைப் பக்கத் தோட்டத்தில். இப்போதே இணையத்தளம் செய்து கொடுத்துச் சம்பாதிக்கலாமா?
– ஒரு மாணவி, பதுளை

பதில்: தாராளமாகத் தொடங்குங்கள், தங்கச்சி. முதல் வாடிக்கையாளரை வெளிநாட்டில் தேட வேண்டாம், எல்லவில் தேடுங்கள். ஒன்பது வளைவுப் பாலம் பார்க்க வருவோரை நம்பி அங்கே சிறு விடுதிகள் பல நடக்கின்றன. முன்பதிவுத் தளங்களுக்குத் தரகு கொடுப்பவர்களுக்குச் சொந்தத் தளம் கைகொடுக்கும். அறைப் படங்கள், வாடகை, வரைபடம், வாட்ஸ்அப் பொத்தான் போதும். கைபேசியில் சட்டென்று திறக்க வேண்டும். டொமைனை விடுதிக்காரர் பெயரிலேயே பதியுங்கள். எத்தனை பக்கம், எத்தனை திருத்தம் என்பதை எழுதிக்கொண்டு, பாதிப் பணத்தை முற்பணமாக வாங்குங்கள். 2025 ஏப்ரல் முதல் ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபா வரை வருமான வரி இல்லை. பரீட்சைக் காலத்தில் மட்டும் புது வேலை ஏற்காதீர்கள். தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்து சேர்ந்தது பெரிய காரியம். எந்த வேலைக்காகவும் பட்டத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.