இதயத்துக்குச் சற்று ஓய்வு

'துடிக்கிற இதயத்தை எப்படி ஐயா அறுத்துத் தைக்கிறார்கள்?' என்று என்னிடம் பலர் கேட்பதுண்டு. பெரும்பாலும் அதை நிறுத்திவிட்டுத்தான்! அந்த நேரத்தில் இதய-நுரையீரல் இயந்திரம் உயிரைக் காக்கிறது. அசுத்த ரத்தம் குழாய் வழியே அதற்குள் போய், பிராணவாயு ஏறி, உடம்புக்குத் திரும்புகிறது. ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் மருந்து; இதயத்தை நிறுத்தப் பொட்டாசியம் கலந்த கரைசல்.

1953-ல் பிலடெல்பியாவில் டாக்டர் ஜான் கிப்பன் இம்முறையில் முதல் வெற்றி கண்டார். பின்னாளில் ரத்தத்துக்குள்ளேயே வாயுவைக் குமிழ்குமிழாக விட்டார்கள். ரத்த அணுக்கள் சிதைந்தன. இப்போது ரத்தத்துக்கும் வாயுவுக்கும் நடுவே மெல்லிய சவ்வு இருப்பதால் அந்தச் சேதம் குறைவு.

இந்த வசதி எல்லா நாட்டிலும் இல்லையே! அதனால்தான் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து 'டீம் ஹார்ட்' தொண்டர் குழு 2008-ல் ஆப்பிரிக்காவின் ருவாண்டாவுக்குப் போய் ஆபரேஷன் செய்யத் தொடங்கியது. அங்கே வால்வு கெட்டுப்போன பலரும் இளவயதினர். காரணம், சின்ன வயதில் கவனிக்காமல் விட்ட தொண்டைப் புண்ணும், அதைத் தொடர்ந்த ருமாட்டிக் காய்ச்சலும்தான்.

சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: சுருங்கிய வால்வைக் கஷாயம் விரிக்காது. குழந்தைக்குத் தொண்டை வலி வந்து, சில வாரத்தில் காய்ச்சலுடன் மூட்டுகள் மாறிமாறி வீங்கினால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பென்சிலின் ஊசியை அவர் சொன்ன காலம்வரை நிறுத்தாதீர்கள். உலோக வால்வு வைத்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரையோடு எந்த மூலிகையையும் டாக்டரைக் கேட்காமல் சேர்க்கவே கூடாது.