எனக்குப் பின் இந்தப் பிள்ளைக்கு யார்?



புத்தி வளர்ச்சியிலோ, கைகால் அசைவிலோ, பேச்சிலோ, செவியிலோ குறையுள்ள பிள்ளையைப் பெற்ற தாய்தகப்பன் மனதில் இராப்பகலாய் ஒரு கேள்வி நிற்கும். நான் இருக்கும்வரை பார்த்துக்கொள்வேன். எனக்குப் பின் இந்தப் பிள்ளைக்கு யார்? வெளியே சொல்லாவிட்டாலும் உள்ளே அறுத்துக்கொண்டிருக்கும் கேள்வி இது. இன்றைய பாடம் இதற்கு விடை தேடுவதாகும்.

பணமும் நிலமும் சேர்த்து வைத்தால் போதுமென்று சிலர் நினைக்கிறார்கள். பணம் வேண்டியதுதான். ஆனால் வயிறு வலித்தால் இவன் எப்படி முனகுவான், எதைக் கண்டு பயப்படுவான் என்று அறிந்த மனிதரைப் பணம் கொண்டுவராது. அத்தகைய மனிதர்கள் ஒரே நாளில் உண்டாவதுமில்லை. ஐந்து வயதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன், இருபத்தைந்து வயதிலும் தெருவில் கண்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். ஆகையால் இந்தப் பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து வளர்ப்பதே பெற்றோர் அவனுக்கு வைத்துப்போகும் முதல் ஆஸ்தி. அதற்கான வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது: ஒளித்து வைக்காதிருங்கள்

வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், இந்தப் பிள்ளையைப் பின்கட்டில் விட்டுக் கதவைச் சாத்தும் வழக்கம் நம்மிடையே இன்னும் அற்றுப்போகவில்லை. அப்படிச் செய்கிற தாய் கல்நெஞ்சக்காரி அல்ல. நாலுபேர் பேச்சுக்குப் பயந்தவள். இது யார் செய்த பாவமோ என்று ஊரார் கேட்பார்களே என்ற அச்சம் அவளுக்கு. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்களும் சேசுநாதரிடம் இதையேதான் கேட்டார்கள். அவனுடைய பாவமும் காரணமல்ல, அவனைப் பெற்றவர்களின் பாவமும் காரணமல்ல என்று அவர் தெளிவாய்ச் சொல்லிவிட்டார் (அருளப்பர் 9-ம் அதிகாரம்).

வைத்திய சாஸ்திரம் கண்டதையும் கேளுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் உயிரணுக்களில் 21-வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கிறதென்று 1959-ல் பிரான்சு தேசத்து மருத்துவர்கள் வெளியிட்டார்கள். மூளை முடக்குவாதமோ, குழந்தை வயிற்றிலிருக்கும்போதோ, பிரசவ வேளையிலோ, சிசுப் பருவத்திலோ மூளைக்கு நேரும் சேதத்தால் உண்டாவது. இதில் சாபம் எங்கே, தோஷம் எங்கே?

இரண்டாவது: சிறு வேலைகளைப் பழக்குங்கள்

ஐந்து மாதமாகியும் தலை நிற்காத குழந்தையையும், ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தையையும், போகப்போகச் சரியாகும் என்று வைத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எவ்வளவு சீக்கிரம் பயிற்சி தொடங்குகிறதோ அவ்வளவுக்குப் பலன் உண்டு.

வீட்டிலே எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடுவது பிள்ளைக்கு உபகாரமல்ல. சட்டை போடக் கற்பிக்கும் முறையைச் சொல்லுகிறோம். கைகளை நுழைத்து, பொத்தான்களையெல்லாம் நீங்களே மாட்டிவிட்டு, கடைசிப் பொத்தானை மட்டும் அவனிடம் விடுங்கள். அது பழகிய பின் கடைசி இரண்டு, அதன் பின் மூன்று. ஒவ்வொரு தடவையும் வேலையை முடித்தவன் அவனாகவே இருப்பதால் அவனுக்கு உற்சாகம் உண்டாகும். பல் துலக்கலும், தட்டுக் கழுவலும் இப்படியே. மாதங்கள் ஆகலாம், சலிப்படைய வேண்டாம்.

மூன்றாவது: பள்ளிக்கூடத்தில் இடம் கேளுங்கள்

தலைமை ஆசிரியர் முன் கைகட்டி நின்று தயவு கேட்க வேண்டியதில்லை. இது உங்கள் பிள்ளையின் உரிமை. நமது தேசத்தில் 1995-ல் உண்டான சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கிட்டது. 2016-ல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சேர்த்திருக்கிறது. குறைபாடு 40 சதவிகிதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தெரிந்துகொள்ளும் உரிமையும் உண்டு. பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்வதும், கட்டிடத்தையும் கழிப்பறையையும் பிள்ளை உபயோகிக்கத்தக்கதாய் அமைப்பதும் பள்ளியின் கடமை. பரீட்சைக்கு அதிக நேரம், சொல்லச்சொல்ல எழுதும் உதவியாளர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றையும் அச்சட்டம் பேசுகிறது.

ஆதலால் முதலில் சான்றிதழ் வாங்குங்கள். சேர்க்கைக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும், அதற்குமேல் மாநில ஆணையரையும் அணுகலாம்.

ஆட்சேபம்: மற்றப் பிள்ளைகளின் படிப்பு கெடாதா?

மறுமொழி: பாடத்தைச் சிறு சிறு பகுதியாய்ப் பிரிப்பதும், படம் காட்டிச் சொல்வதும், ஒருமுறைக்கு இருமுறை விளக்குவதும் வகுப்பில் எல்லாருக்குமே உதவும். வாய் திறந்து கேட்க வெட்கப்படும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

ஆட்சேபம்: கேலி செய்வார்களே?

மறுமொழி: செய்யலாம். ஆகவே முன்னதாகவே ஆசிரியரைக் கண்டு, பிள்ளைக்கு எது முடியும், எதற்கு உதவி வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பக்கத்தில் உட்கார ஒரு நல்ல தோழனை அமர்த்தச் சொல்லுங்கள். கேலிக்குப் பயந்து வீட்டிலேயே வைத்தால், கேலியோடு சிநேகமும் இல்லாமற் போகும்.

ஆட்சேபம்: சிறப்புப் பள்ளி நல்லதல்லவா?

மறுமொழி: சில பிள்ளைகளுக்கு அதுவே தகும். பாளையங்கோட்டையில் செவிப்புலன் அற்ற பிள்ளைகளுக்காக 19-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளி ஏற்பட்டு எத்தனையோ பேருக்கு மொழி தந்தது. அங்கே படித்தாலும் விடுமுறையில் தெருப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள்.

ஒரு தாயின் முயற்சி

மிது ஆலூர் என்னும் தாய்க்கு 1966-ல் பிறந்த மகள் மாலினிக்கு மூளை முடக்குவாதம். கைகால் வசப்படவில்லை, பேச்சும் தெளிவில்லை, அறிவோ கூர்மை. அந்தத் தாய் 1972-ல் இத்தகைய பிள்ளைகளுக்காக ஒரு சங்கத்தை நிறுவினார். பிற்பாடு அச்சங்கம் தனிப் பள்ளியோடு நில்லாமல், பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகளில் சேர்க்கும் வேலையிலும் இறங்கியது. மாலினி பம்பாய் செயின்ட் சேவியர் கல்லூரியில் மற்றவர்களோடு படித்தார். லண்டனில் மேற்படிப்பும் முடித்தார். ஒற்றை விரலால் தட்டச்சு செய்து தம் வரலாற்றைப் புத்தகமாய் எழுதினார். எல்லாப் பிள்ளைகளும் லண்டன் போக வேண்டுமென்பதல்ல. இந்த மகளுக்குள் என்ன இருக்கிறதென்று அறிய முதலில் ஒருவர் இடம் கொடுக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

நான்காவது: கோயிலிலும் இடம் உண்டு

பூசை நடுவே பிள்ளை சத்தமிட்டால் நாலுபேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்றெண்ணி, தாய் ஞாயிறுதோறும் வெளித் திண்ணையிலேயே நின்றுவிடுகிறாள். உள்ளே வாருங்கள். உடலிலோ உள்ளத்திலோ குறையுள்ளவர்களுக்கும் அவர்கள் நிலைக்கேற்ப ஞானோபதேசம் கிடைக்கும்படி பார்ப்பது பங்குச் சுவாமியாரின் கடமையென்று 1983-ம் வருடத்துத் திருச்சபைச் சட்டத்தின் 777-வது பிரிவு சொல்லுகிறது. புதுநன்மை வகுப்பில் உங்கள் பிள்ளையின் பெயரையும் கொடுங்கள்.

ஐந்தாவது: நீங்கள் இருக்கும்போதே ஒழுங்கு செய்யுங்கள்

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைவு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பின் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க 1999-ம் வருடத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்கிறது. மாவட்டக் கலெக்டர் அங்கம் வகிக்கும் உள்ளூர்க் கமிட்டியிடம் பெற்றோரே விண்ணப்பிக்கலாம். பாதுகாவலராக வருகிறவர் பிள்ளையை நன்கறிந்தவராயிருக்க வேண்டும். ஒளித்து வைத்த பிள்ளைக்கு அப்படிப்பட்டவரை எங்கே தேடுவீர்கள்?

இந்த வாரத் தீர்மானம்

குறைபாடுள்ள பிள்ளையைப் பெற்றவர்களே, இந்த வாரம் அவனை வீட்டுக்கு வெளியே ஓரிடத்துக்கு அழைத்துச் சென்று, அவன் பெயரை இரண்டு பேருக்காவது சொல்லுங்கள்.

மற்றப் பெற்றோர்களே, உங்கள் தெருவில் அப்படியொரு பிள்ளை இருந்தால், ஐயோ பாவம் என்று கடந்துபோகாதிருங்கள். உங்கள் மகனை அவனோடு விளையாட அனுப்புங்கள். உங்கள் வீட்டுப் பிறந்தநாளுக்கு அவனையும் அழையுங்கள். எனக்குப் பின் இந்தப் பிள்ளைக்கு யார் என்று ஒரு தாய் கேட்கும்போது, விடையாக நிற்க வேண்டியவர்களில் நீங்களும் உங்கள் பிள்ளைகளும் உண்டு.