எம்மாவு வழியில் உடன் நடந்தவர்

ஆண்டவர் உயிர்த்தெழுந்த அதே நாளில், எருசலேமிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவிலிருந்த எம்மாவு என்னும் ஊரை நோக்கிச் சீடர் இருவர் நடந்துகொண்டிருந்தனர் (லூக்கா 24:13-35). ஒருவர் பெயர் கிளயோப்பா. மற்றவரின் பெயரை நற்செய்தியாளர் குறிப்பிடவில்லை. கல்லறை வெறுமையாயிருந்தது என்ற செய்தியைக் காலையிலேயே அவர்கள் கேட்டிருந்தனர். ஆயினும் அது அவர்களைத் தேற்றவில்லை. இஸ்ரயேலை மீட்பவர் அவரே எனத் தாங்கள் நம்பியிருந்ததாக அவர்கள் இறந்த காலத்தில் பேசினர். நம்பிக்கையை இறந்த காலத்தில் பேசத் தொடங்கிய உள்ளத்தின் சோர்வு அது. நெடுநாள் மன்றாடியும் இழப்பைத் தவிர்க்க இயலாத பலர் இதே வழியில் நடக்கின்றனர்.

முதலில் செவிமடுக்கிறார்

அவ்விருவரும் எருசலேமை விட்டு விலகிச் சென்றுகொண்டிருந்தனர். உயிர்த்த ஆண்டவர் அவர்களை வழிமறிக்கவில்லை; திரும்புமாறு கட்டளையிடவுமில்லை. அவர்கள் சென்ற திசையிலேயே தாமும் உடன் நடந்தார். நிகழ்ந்தது என்னவென்று வினவி, அவர்களின் துயரம் முழுவதையும் அவர்கள் வாயாலேயே சொல்லவைத்தார். யாவும் அறிந்தவர் பொறுமையுடன் கேட்கிறார். ஆகவே, மனக்குமுறலை மறைக்காது அவர்முன் வைப்பது நம்பிக்கைக் குறைவன்று. அதுவே செபத்தின் தொடக்கம்.

மறைநூலால் திடப்படுத்துகிறார்

அதன்பின் மோசே முதல் இறைவாக்கினர் அனைவர் வரையிலும் தம்மைக் குறித்து எழுதப்பட்டவற்றை அவர் விளக்கினார். மெசியா பாடுபட்டே மாட்சி அடைய வேண்டும் என்பதே அவ்விளக்கத்தின் சாரம். சீடர் எதனைத் தோல்வி எனக் கருதினரோ, அதுவே மீட்பின் வழி என்று காட்டினார். நடந்த நிகழ்ச்சி மாறவில்லை. அதன் பொருள் தெளிவாயிற்று. அவர்கள் உள்ளம் பற்றியெரிந்தது.

அப்பம் பிட்கையில் அறியப்படுகிறார்

ஊர் நெருங்கியதும் அவர் அப்பால் செல்பவர்போல் காட்டிக்கொண்டார். அழைக்காத இல்லத்தில் அவர் வலிந்து நுழைவதில்லை. அவர்கள் வற்புறுத்தியதால் தங்கினார். பந்தியில் அப்பத்தை எடுத்து, இறைவனைப் போற்றி, பிட்டு அவர்களுக்குக் கொடுத்தார். கண்கள் திறந்தன, அக்கணமே அவர் மறைந்தார். அவர்களைக் கைவிட்டதால் அவர் மறையவில்லை. இனி எங்கே காணப்படுவார் என்பதைக் காட்டிவிட்டே மறைந்தார்.

திருப்பலியின் அமைப்பும் இதுவே. முதலில் இறைவாக்கு வழிபாடு, பின்னர் நற்கருணை வழிபாடு. கி.பி. 155-ஆம் ஆண்டையொட்டிப் புனித யுஸ்தின் ஞாயிறு வழிபாட்டை விவரித்தபோதும் இவ்வொழுங்கையே குறித்தார். திருப்பலியிலும் அருளடையாளங்களிலும், மறைநூல் வாசிக்கப்படும்போதும், கூடிச் செபிக்கும் சமூகத்திலும் கிறிஸ்து உடனிருக்கிறார் என்று 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. 2004-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் நற்கருணை ஆண்டை அறிவித்த மடலின் மையப் பொருளாகக் கொண்டதும் இந்த எம்மாவு நிகழ்ச்சியையே.

சமூகத்திடம் திருப்பி அனுப்புகிறார்

பொழுது சாய்ந்திருந்தும் அவர்கள் அந்நேரமே புறப்பட்டனர். அதே வழி, அதே தொலைவு. திசை மட்டும் மாறியது. எருசலேமில் ஆபத்து நீங்கிவிடவில்லை. சீடர் அஞ்சிக் கதவுகளை அடைத்தே இருந்தனர் (யோவான் 20:19). அங்குச் சேர்ந்தபோது, தாங்கள் சொல்ல வந்த நற்செய்தியை அங்கிருந்தோர் முன்னரே அறிந்திருந்தனர்: ஆண்டவர் சீமோனுக்குத் தோன்றியிருந்தார். இருவரின் அனுபவம் திருச்சபையின் சான்றோடு இணைந்து உறுதிபெற்றது. தனித்துப் பெறும் ஆறுதல் எதுவாயினும் அது திருச்சபையின் நடுவே கொண்டுவரப்பட வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

உயிர்த்தவர் துன்பமே இல்லாத வழியை வாக்களிக்கவில்லை. துன்ப வழியில் உடன் நடந்து, இறைவாக்கால் ஒளியூட்டி, நற்கருணையால் உணவூட்டி, உடன்பிறப்புகளிடம் அனுப்புகிறார். அவரை அடையாளம் காணாத நேரத்திலும் அவர் அருகிலேயே நடக்கிறார்.

சிந்தனைக்கு

1. எந்த நம்பிக்கையை இன்று இறந்த காலத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம்?
2. ஞாயிறு வாசகங்களை நம் துயரத்தோடு இணைத்துக் கேட்கிறோமா?
3. சோர்ந்து விலகிச் செல்லும் ஒருவரோடு, கண்டிக்காமல் சிறிது தொலைவு நடக்க முன்வருகிறோமா?