டீக்கடையைத் தாண்டும்போது

வீரவநல்லூர்,
ஆடி வெள்ளி

அன்புள்ள மருமகளுக்கு, அத்தை எழுதிக்கொள்வது.

போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று ரெண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம். அண்ணா பிறந்தநாளை ஒட்டிப் பாளையங்கோட்டையில் நடக்கிற ஓட்டத்துக்குப் பேர் கொடுக்கப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். அடுத்த அரைமணியில் உங்கப்பன் கூப்பிட்டு, "நீதான்க்கா அவளைக் கெடுத்தே" என்றான். இருக்கட்டும்.

மாவட்டம்தோறும் நடக்கிற ஓட்டம் அது. ஆண்களில் 25 வயது வரைக்கும் 8 கிலோமீட்டர், அதற்கு மேலே 10, பெண்களுக்கு 5. ஸ்டேடியத்து 400 மீட்டர் தடத்தில் ஓடினால் பன்னிரண்டரைச் சுற்று. ஸ்கூட்டியில் பத்து நிமிஷத்தில் போகிற தூரம்தான், ஆனால் காலால் போகும்போதுதான் அது எவ்வளவு என்று தெரியும். ஆதார், வயதுச் சான்றோடு பாங்க் பாஸ்புக் நகலும் கேட்பார்கள், ஜெயித்தால் பணம் போட. அதை எடுத்து வைக்கும்போது உனக்கே சிரிப்பு வரும். எனக்கு வந்தது.

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன வருஷம் எனக்கு 51 வயது. நடக்கச் சொன்னார். நடந்தேன். அப்புறம் ஒரு நாள் கன்னடியன் கால்வாய்க் கரையில் யாருமில்லாத நேரம் பார்த்து நாலு எட்டு ஓடிப்பார்த்தேன். விடிவதற்கு முன்னால், கையில் டார்ச்சு, சுடிதாருக்கு மேல் உங்க மாமாவின் பழைய சட்டை. ஒரு பக்கம் வாழைத்தோப்பு, இன்னொரு பக்கம் தண்ணீர். கரை முடிந்து ரோட்டில் ஏறினால் திருப்பத்தில் ஒரு டீக்கடை. பெஞ்சில் எப்போதும் அஞ்சாறு பேர் இருப்பார்கள். அந்த இடம் வந்ததும் என் கால் தானாக வேகம் பிடிக்கும். ஓடத் தெரிந்தவள் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரே பாய்ச்சல். கடையைத் தாண்டி வேலி மறைவுக்கு வந்ததும் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பேன். கண்ணில் பூச்சி பறக்கும். நமக்கு மூச்சே இல்லை, இந்த வயதில் எதற்கு இந்த வேலை என்று தோன்றும்.

ஒரு மாதம் கழித்துத்தான் புத்தியில் உறைத்தது. மூச்சில் குறை ஒன்றும் இல்லை. வெட்கத்தால் வேகமாக ஓடினேன், வேகத்தால் நின்றேன். ஏட்டி, புதிதாக ஓட வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் நின்றுபோகிறார்கள் என்று நான் நினைக்கிறேன். உனக்கு நான் சொல்ல வந்ததும் இதுதான். மெதுவாக ஓடு. நீ நினைக்கிற மெதுவை விட மெதுவாக. பக்கத்தில் வருகிறவளிடம் வீட்டுக் கதை பேச முடிகிற அளவுக்கு. ஆள் இல்லையென்றால் வாய்விட்டு ஏதாவது சொல்லிப் பார். நாலு வார்த்தை சேர்ந்து வராவிட்டால் நடந்துவிடு.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் பில் பவர்மேன் என்று ஒரு கோச் இருந்தார். பிற்பாடு நைக்கி கம்பெனியைத் தொடங்கிய ரெண்டு பேரில் ஒருவர். 1962 கடைசியில் நியூசிலாந்துக்குப் போனார். அவருக்கும் அப்போது 51 வயதுதான். அங்கே ஆர்தர் லிடியார்ட் என்ற கோச், சாதாரண ஜனங்களைச் சேர்த்துக்கொண்டு மெதுவோட்டம் ஓடவைத்துக்கொண்டிருந்தார். ஓட்டக்காரர்களை உருவாக்குகிற நம்ம பவர்மேனால் அந்தக் கூட்டத்தோடு ஈடுகொடுக்க முடியவில்லை. மாரடைப்பு கண்டு எழுந்த, எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர்தான் பின்தங்கி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே கூட ஓடினாராம். பவர்மேன் ஊர் திரும்பி, ஒரு இதய டாக்டரோடு சேர்ந்து 1967-இல் 'ஜாகிங்' என்று புத்தகமே போட்டார். பேசிக்கொண்டே ஓடு என்கிற பாடம் அப்படித்தான் ஊர் ஊராகப் பரவியது.

இன்னும் எட்டு வாரம் இருக்கிறது, போதும். வாரத்துக்கு மூணு நாள், அடுத்தடுத்த நாளில் வேண்டாம். ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை, இப்படி அரைமணி. வாரம் போகப் போக ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறை. நாலு கிலோமீட்டர் ஒரு தடவை போய்விட்டால் அஞ்சு தானாக வரும். கடைசி வாரத்தில் புதிதாக எதுவும் வேண்டாம், கால் ஓய்வெடுக்கட்டும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து தள்ளும், தெரியும்தானே. போகும்போது காற்றுக்கு எதிரே போ, களைத்துத் திரும்பும்போது அது முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். மேற்கே மலையில் சாரல் பெய்கிறதே என்று ஏமாறாதே. பாளையங்கோட்டையில் ஏழரை மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். விடியும்போதே கிளம்பு.

ஷூவைச் சாயங்காலம் போய் வாங்கு. பகலெல்லாம் நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. நுனியில் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். போட்டியன்று புது ஷூ போட்டால் குதிகாலில் கொப்புளம் நிச்சயம். இன்னொன்று, உன் அம்மா சொல்லமாட்டாள், நான் சொல்கிறேன்: ஓட்டத்துக்கென்றே இறுக்கமாகத் தைத்த உள்பாடி விற்கிறார்கள், ஷூவுக்கு முன்னால் அதை வாங்கு. ஓட்டத் தேதி மாதவிலக்கு நாளில் வந்தால் அதற்காக ஓடாமல் இருக்க வேண்டியதில்லை. உடம்பு முடிந்தால் ஓடு. சோர்வு கிடக்கட்டும், நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ மட்டும் உடனே நின்று ஆளைக் கூப்பிடு. நாய் துரத்தினால் ஓடாதே. நின்று, நடந்து கட.

போட்டியன்று காலையில் இட்லி வேண்டாம். ஒரு வாழைப்பழம், அரை டம்ளர் கருப்பட்டிக் காபி. முடிந்ததும் உப்புப் போட்ட மோர். அல்வா அதற்கப்புறம், திருநெல்வேலி டவுனுக்கே போய்ச் சுடச்சுட வாங்கலாம். ஓடிக் கரைத்ததை விட அதிகமாகத்தான் உள்ளே போகும். சவத்தை விட்டுத்தள்ளு.

முட்டி போய்விடும் என்று உங்கப்பன் சொல்வான். அரசியல்வாதி மா. சுப்பிரமணியனைக் காட்டு. விபத்தில் முட்டி அடிபட்ட மனுஷன், நூறு அரை மாரத்தானுக்கு மேல் ஓடியிருக்கிறார், ஒவ்வொன்றும் 21 கிலோமீட்டர். கட்சியைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் நீ எழுந்து போய்விடு.

என் முதல் ஓட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். எந்த ஊர், யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். விசில் ஊதியதும் மேளச் சத்தத்தில் எல்லோரும் பாய்ந்தார்கள், டீக்கடைப் பாடத்தை மறந்து நானும் பாய்ந்தேன். ஒரு கிலோமீட்டர் தாண்டவில்லை, பூட்டிய கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி, மல்லிகை மணக்கிற ஈரக் கையால் செம்புத் தண்ணீரை நீட்டி, "யாரு துரத்துனா?" என்று கேட்டாள். சிரிப்பில்தான் எனக்கு மூச்சே திரும்பியது. மீதி தூரம் நடையும் ஓட்டமுமாகப் போனேன். தண்ணீர் கேன் எல்லாம் காலி. கடைசி ஆள் நான். பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்த பையன் என்னைப் பார்த்ததும் பாதி சுருட்டியதை மறுபடி விரித்து, இன்னொருத்தனைக் கூப்பிட்டான்; ரெண்டு பேருமாக ரெண்டு முனையிலும் தூக்கிப் பிடித்தார்கள். 52 நிமிஷம். அந்தச் சான்றிதழ் பூஜையறையில் இருப்பதைப் பார்த்து நீ கேலி செய்திருக்கிறாய்.

அதனால் விசில் ஊதியதும் ஓரமாக நின்று கூட்டத்தை முன்னால் விடு. முந்திப் போனவர்களில் பாதிப் பேரை மூணாவது கிலோமீட்டரில் நடையில் பார்ப்பாய்.

முந்தின நாள் சாயங்காலமே பஸ் ஏறி வந்துவிடுவேன். முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், நீலக் குடையோடு நிற்பேன். என்னைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டிவிடாதே.

இப்படிக்கு,
அத்தை