உருக்காலைத் தூசும் அதனை அடக்கும் முறையும்

சம்மாந்துறை நெல்லாலைகளைக் கண்டவர், அவற்றின் புறத்தே நிற்கும் கூம்பு வடிவான தகரக் கலத்தையும் கண்டிருப்பர். உமித்தூசு கலந்த காற்று அதனுட் பக்கவாட்டாகப் புகுந்து சுழல்கின்றது. பாரமான தூசு சுவரை நாடி வழுக்கிக் கீழே விழ, காற்று மேலே செல்கின்றது. எளிய கருவி, எம் ஊர்த் தகர வேலைக்காரரே செய்யக்கூடியது. உருக்காலைத் தூசையும் இவ்வாறே பிடித்துவிடலாகாதா என்று மாணவர் ஒருவர் வினவினார். ஆகாது என்றேன், அதன் காரணத்தை இங்கு சற்று விரித்துரைக்கலாம்.

உமித்தூசு உடைந்து உண்டாவது. உருக்கின் தூசிலோ ஒரு பகுதி ஆவியாகி உறைந்து உண்டாவது. மின்வில் உலையிற் பழைய இரும்பு ஏறக்குறைய 1,600 பாகை செல்சியசு வரை காய்ச்சப்படுகின்றது. நாகமோ 907 பாகையிலேயே கொதித்துவிடும். கடற்காற்று அரித்த கூரைத்தகரங்கள் எம் கரையோர ஊர்களிற் பழைய இரும்பாக விலைபோவதை யாவரும் அறிவர். அவற்றின் நாக முலாம் உலையினுள் ஆவியாகி, பின் ஒட்சைட்டாக உறைகின்றது. காபனோரொட்சைட்டுக் குமிழிகள் வெடிக்கும்போது இரும்புத் துளிகளும் உடன் எழுகின்றன. இவ்வாறு ஒரு தொன் உருக்குக்கு 10 முதல் 20 கிலோகிராம் வரை தூசு உண்டாகும். அதிற் கணிசமான பகுதி ஒரு மைக்குரோனையும் எட்டாதது. தலைமயிரின் தடிப்போ ஏறக்குறைய 70 மைக்குரோன். இத்துணை நுண்ணியது சுழற்கலத்தின் சுவரை நாடாது காற்றோடே போய்விடும். சுவாசித்தால் நுரையீரலின் அடிவரை செல்லும். தரையிற் படியும் கருந்தூசைக் கண்டு முறையிடுவோர், படியாத இதனை எண்ணுவதில்லை.

உயர்ந்த புகைபோக்கி போதும் என்பாருமுளர். 1948 ஒற்றோபர் இறுதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து டொனோராப் பட்டினத்தில், உருக்காலையும் நாக ஆலையும் கக்கிய புகை, மேலே வெப்பக் காற்று மூடிபோற் கவிந்தமையாற் சில நாட்கள் பள்ளத்தாக்கிலேயே தங்கிற்று. 20 பேர் மாண்டனர், ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். கடற்காற்று வீசும் எம் கரையில் அவ்வாறு நேராது எனலாம். ஆயினும் காற்று கொண்டுபோவது இன்னோர் ஊருக்கன்றோ?

எம் நாட்டிலே 1961 இல் உருக்குக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, சோவியத் உதவியுடன் ஒருவலவில் 1967 இல் ஆலை இயங்கத் தொடங்கியபோது, இரும்பை உருட்டிக் கம்பியாக்கும் தொழிலே அங்கு முதன்மை பெற்றது. தமிழ்நாட்டின் சேலம் உருக்காலையும் உருட்டாலையாகவே தொடங்கி, 2010 அளவிலேதான் மின்வில் உலையைப் பெற்றது. உருட்டும்போது உதிரும் செதில் பாரமானது. நீராற் கழுவிச் சேர்த்துவிடலாம். உருக்கும் உலை வந்த பின்னரே பெருந்தொல்லை.

அத்தூசைப் பிறந்த இடத்திலேயே பிடித்தல் வேண்டும். உலையின் மூடியில் மின்வாய்களுக்கு மூன்று துளைகள் உள. நான்காந் துளையாற் புகை உறிஞ்சப்படும். வழியிற் காற்றுப் புகவிட்டுக் காபனோரொட்சைட்டை எரித்துவிடுவர். பின்னர் நீர்க்குளிர் குழாய்களிற் புகையை ஆற்றித் துணிப்பைகளினூடே செலுத்துவர். பொலியெசுத்தர்ப் பை ஏறக்குறைய 130 பாகைக்கு மேல் தாங்காது. ஆற்றுவதிற் சிறிது தவறினும் பைவரிசை முழுதும் கருகிவிடும். பையிற் படிந்த தூசை அழுத்தக் காற்றால் உதறி வீழ்த்துவர்.

இதனினும் கடினமானது மூடியைத் திறக்கும் வேளை. இரும்பை உள்ளே கொட்டும்போது நான்காந் துளையாற் பயனில்லை. புகை ஒரேயடியாகக் கூரைக்கு எழும். அங்கே பெரிய கவிகையும் அதற்கேற்ற விசிறியும் வேண்டும். விசிறியை மெதுவாக ஓட்டினால் மின்கட்டணம் குறையும், உருக்கோ குறையாது. ஆதலால் முகாமையாளர்க்கு அதுவே பெருஞ் சோதனை. பாரந்தூக்கியை இயக்குபவர் அக்கூரையின் கீழேயே அமர்ந்திருக்கிறார்.

பிடித்த தூசிலே ஈயமும் உண்டு. மழையில் நனையக் கிடந்தால் அது கிணற்று நீரிற் சேரும். நாகம் மிகுந்த தூசைக் கரியுடன் சுழலுலையிற் காய்ச்சினால் நாகம் மீண்டும் ஆவியாகிப் பிரியும், அதனை விற்கலாம். சிறிய ஆலைக்கு இது கட்டாது. அதுவரை ஒழுகாத கூரையின் கீழ், மூடிய பைகளிற் காத்துவைத்தல் வேண்டும்.