வெப்பத்தாக்கும் முதலுதவியும்

சித்திரைத் திங்களின் கடைசிப் பத்து நாள்களையும் வைகாசியின் முதல் இரு வாரங்களையும் அக்கினி நட்சத்திரம் என்றும் கத்திரி என்றும் நம் மக்கள் வழங்குவர். அந்நாள்களில் வேலூர், திருத்தணி முதலிய ஊர்களில் வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடப்பது வியப்பன்று. அவ்வெயிலிலும் கல்லுடைப்போர் உளியை வைப்பதில்லை. சாலை போடுவோர் கொதிக்கும் தாரின் அருகிலேயே நிற்கின்றனர்.

நம் உடலின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 37 பாகை ஆகும். இதனை நிலைநிறுத்துவது வியர்வை. மண்பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறதன்றோ? தோலின்மேல் வியர்வையும் அப்பணியையே செய்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. சென்னை வெயில் அளவிற் குறைந்திருந்தும் கொடிதாய்த் தோன்றுவது இதனாலேயே.

வியர்வையோடு நீரும் உப்பும் கழிந்து, தலைசுற்றலும் குமட்டலும் தசைப்பிடிப்பும் தோன்றுவது முதல் எச்சரிக்கை. நிழலில் படுக்கவைத்து, உப்பிட்ட மோரோ நீராகாரமோ சிறிது சிறிதாகக் கொடுத்தால் பெரும்பாலோர் தெளிவர்.

ஆனால், ஒருவர் பொருந்தாச் சொற்களைப் பிதற்றினாலும், தள்ளாடினாலும், வலிப்புற்றாலும், நினைவிழந்தாலும் அது வெப்பத்தாக்கு என்றே கொள்ளல் வேண்டும். அவர் உடலின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்று தோல் உலர்ந்தால்தான் இந்நோய் என்று பலர் எண்ணுவர். அது பிழை, உழைக்கும்போதே வீழ்ந்தவரின் உடல் வியர்வையில் நனைந்திருக்கவும் கூடும்.

இந்நிலையில் ஒவ்வொரு நிமிடமும் மூளையும் சிறுநீரகமும் ஈரலும் கேடுறுகின்றன. ஆதலின், 108 என்னும் எண்ணில் ஆம்புலன்சை அழைக்குமாறு ஒருவரிடம் கூறிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் உடனே உடலைக் குளிர்வித்தல் வேண்டும். அரைமணி நேரத்துள் வெப்பம் தணிந்தால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. அருகே பம்புசெட்டுத் தொட்டி இருப்பின், தலை நீருக்குமேல் இருக்குமாறு இருவர் தாங்கிக்கொள்ள, கழுத்தளவு அமிழ்த்தலாம். அதற்கு வழியில்லையேல் நிழலுக்குத் தூக்கிச் சென்று, மேலாடையைத் தளர்த்தி, குடம் குடமாக நீரை ஊற்றி விடாது விசிறுக. பனிக்கட்டி கிடைப்பின் துணியிற் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைக்கலாம். குளிர்நீர் பட்டால் சன்னி வரும் என்று முதியோர் சிலர் தடுப்பர். அவர்களிடம் பணிவாக எடுத்துரைக்கலாம். ஆயினும் கையிலுள்ள குடத்தைக் கீழே வைத்தலாகாது.

நினைவற்றவர் வாயில் சோடாவையோ நீரையோ ஊற்றுதல் பெருந்தீங்கு. அது மூச்சுக்குழலுட் புகும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைப்பதே முறை. காய்ச்சல் மாத்திரையும் பயன்படாது. காய்ச்சலில் மூளையே உடல்வெப்பத்தை உயர்த்துகிறது. மாத்திரை அவ்வேற்பாட்டைத் தணிக்கிறது. இங்கோ வெப்பம் மூளையின் ஆட்சியை மீறி ஏறியது. எனவே, வண்டி வந்து ஏற்றிய பின்னரும் நனைப்பதும் விசிறுவதும் மருத்துவமனை வாயில்வரை தொடர்தல் வேண்டும்.